வலைப்பக்கங்களைக் காத்தல்

கல்லில் பொறித்த எழுத்து நெடுங்காலம் நிற்கும். நல்ல தாளில் அச்சிட்ட எழுத்தும் சில நூற்றாண்டுகள் நிலைக்கும். இணையத்தில் இட்ட எழுத்தோ, அதனைத் தாங்கும் கணினி இயங்கும் வரையில்தான் வாழும். உலகெங்கும் நொடிப்பொழுதில் பரவும் எழுத்து, நொடிப்பொழுதில் சுவடின்றி மறையவும் கூடும்.

உலகின் முதல் வலைத்தளத்திற்கு நேர்ந்ததே இதற்குத் தக்க சான்றாகும். ஜெனீவா நகரின் அருகே செர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் உலகளாவிய வலையைப் படைத்து, 1991ஆம் ஆண்டில் வெளியுலகிற்கு அறிவித்தார். அத்தளத்தின் பக்கங்கள் அடிக்கடி திருத்தப்பெற்றன. புதியது எழுதப்பெற்றபோது பழையது அழிந்தது. 2013ஆம் ஆண்டில் செர்ன் நிலையத்தார் அத்தளத்தைப் பழைய முகவரியிலேயே மீண்டும் அமைத்தனர். ஆயினும், அவர்களால் 1992ஆம் ஆண்டின் படியொன்றையே அங்கு வைக்க முடிந்தது. பிறந்த வீட்டிலேயே குழந்தையின் முதற்படம் இல்லாமற் போயிற்று!

இத்தகைய இழப்பைத் தடுக்க முனைந்தவருள் ஒருவர், அமெரிக்கக் கணினி அறிஞர் புரூஸ்டர் கேல். அவர் 1996ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் காப்பகத்தை நிறுவினார். இலாபம் கருதாத அமைப்பு அது. அதன் கணினி நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து அதன் இணைப்புகளின் வழியே அடுத்த பக்கத்திற்குச் சென்று, ஒவ்வொன்றையும் நாளும் நேரமும் குறித்துப் படியெடுக்கின்றன. 2001ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் அப்படிகளைக் காணலாயினர். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அவற்றின் தொகை ஓர் இலட்சம் கோடிப் பக்கங்களை எட்டியது.

பழைய பக்கங்களால் பயன் யாது எனச் சிலர் வினவலாம். ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் எளிய மக்கள் தம் குடும்பம், தொழில், பொழுதுபோக்கு முதலியவற்றைப் பற்றித் தாமே பக்கங்கள் அமைத்திருந்தனர். யாகூ நிறுவனம் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அத்தளத்தை மூடியது. மூடும் நாளுக்கு முன்னரே தொண்டர் பலர் விரைந்து படியெடுத்தனர். காத்தவை பல, கைக்கு எட்டாமல் அழிந்தவையும் உள. மன்னர்தம் வெற்றிகளைக் கல்வெட்டுகள் கூறும். எளியோர் வாழ்வை யார் கூறுவார்? இத்தகைய பக்கங்களே கூறும். மேலும், நேற்று வெளியிட்ட செய்தியை ஒருவர் இன்று மாற்றிவிட்டால், முன்பு கூறியது யாதென்று காட்டவும் காப்பகத்தின் படியே துணையாகிறது.

காப்பகத்திற்கும் இடர் உண்டு. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தீயோர் இணைய வழியே தாக்கியமையால், அக்காப்பகத்தின் பணி சில நாள் தடைப்பட்டது. ஆதலின், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தல் அறிவுடைமை ஆகாது. பண்டு பெரும் நூலகத்தை இழந்த அலெக்சாந்திரியா நகரில் 2002ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய நூலகத்திற்கு, இக்காப்பகம் தன் தொகுப்பின் படியொன்றை வழங்கியது பொருத்தமேயாகும்.

எழுதுதல் எளிதாகிவிட்ட இக்காலத்தில், எழுதியதைக் காத்தல் அரிய கடமையாகிறது. பள்ளி மலராயினும் ஊர் வரலாறாயினும், இணையத்தில் இட்டதோடு நில்லாமல், வேறிடத்திலும் ஒரு படி வைத்தல் வேண்டும். இன்று சிறிதெனத் தோன்றுவதே நாளை வரலாற்றின் ஒரே சான்றாக நிற்கவும் கூடும் அன்றோ?