தூளிக்குப் பக்கத்தில் ஃபிலிம் கேமரா

வீட்டில் படம் வரைகிறவரோ புகைப்படம் எடுக்கிறவரோ இருந்து, கூடவே ஒரு பச்சைக்குழந்தையும் வந்துவிட்டால், முதலில் காணாமல் போவது சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம். ஃபிலிம் கேமராவை மூட்டை கட்டி வை, செல்போன் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. செல்போனில் எடுத்ததை உடனே பார்க்கத் தோன்றும், பிறகு யாருக்காவது அனுப்பத் தோன்றும், கால் மணி நேரம் போய்விடும். ஃபிலிமில் பட்டனை அமுக்கிவிட்டுக் கேமராவைக் கீழே வைத்தால் அத்தோடு முடிந்தது. மிச்ச வேலையைக் குழந்தை தூங்கும்போது துண்டு துண்டாகச் செய்துகொள்ளலாம். நான் ஓவியம் வரைபவள். கறுப்பு வெள்ளைச் சுருள்களை வீட்டிலேயே கழுவுபவள். சென்னை வெயிலுக்கும் போர்வெல் தண்ணீருக்கும் ஒத்துவருகிற குறிப்புகள் இவை.

1. சுருளை ரீலில் ஏற்றும் பழக்கத்தைப் பிரசவத்துக்கு முன்பே கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வீணான சுருள் ஒன்றை வைத்துக்கொண்டு முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அதன்பின் கறுப்புப் பைக்குள் கையை விட்டு ஏற்றிப் பழகலாம். ஏழாம் எட்டாம் மாதத்தில் உட்கார்ந்தபடி செய்ய நல்ல வேலை.

2. ஐஎஸ்ஓ 400 சுருளாக வாங்குங்கள். எச்பி5, டிரை-எக்ஸ், எது கிடைத்தாலும் சரி. இரண்டையும் 1600 என்று வைத்து எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்ட முடியும். அடுக்குமாடி வீட்டின் உள்ளறை இருட்டுக்கு அது தேவைப்படும். ஆனால் ஒரு சுருள் முழுவதும் ஒரே கணக்கில்தான் போக வேண்டும். எடுக்கத் தொடங்கும்போதே டப்பாவின் மேல் மார்க்கரால் 1600 என்று எழுதிவிடுங்கள்; தூக்கம் கெட்ட நாட்களில் எந்த எண்ணும் மனதில் நிற்பதில்லை. கறுப்பு வெள்ளையில் இன்னொரு வசதியும் உண்டு. முதல் வாரங்களில் குழந்தையின் தோலில் இருக்கும் சிவப்புத் திட்டும், டியூப்லைட்டின் பச்சை வாடையும் படத்தில் உறுத்தாது.

3. மாமனார் பீரோவிலிருந்து பழைய ‘இந்து’ சுருள் ஏதாவது வெளியே வரலாம். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்தது. காலாவதியான சுருளுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டிக் கொடுப்பது பொதுக் கணக்கு. ஆசைக்கு அதில் பூந்தொட்டியை எடுங்கள். பேர் வைக்கும் நாளை அதில் எடுக்க வேண்டாம்.

4. ஜன்னல்தான் நம் விளக்கு. குழந்தையைக் கிடத்தும்போது வெளிச்சம் தலைப்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ முகத்தில் விழ வேண்டும். கால்பக்கத்திலிருந்து வந்தால் மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறி, அழகான பிள்ளை பயங்கரமாகத் தெரியும். வெயில் நேராக விழுந்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். ஜன்னலில் மட்டும், குழந்தைக்குப் பக்கத்தில் துணியைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டாம்.

5. தூளிக்குள் படம் எடுப்பது தனிக்கதை. அறையைவிட உள்ளே நல்ல இருட்டு; கேமராவின் மீட்டர் வெளியே உள்ள வெளிச்சத்தைப் பார்த்து ஏமாறும். உங்கள் உள்ளங்கையைத் தூளிக்குள் நீட்டி, அதை மட்டும் அளந்து, காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். மங்கலான நிறத்து நூல்புடவைத் தூளி என்றால் துணியே வெளிச்சத்தை வடிகட்டி மெத்தென்று தரும். கலர் ஃபிலிமில் சிவப்புப் புடவைத் தூளி கட்டாதீர்கள். முகம் முழுக்கச் சிவப்பு ஏறிவிடும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

6. 50 எம்எம் லென்ஸில் எஃப்2 வைத்து இரண்டடி தூரத்தில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. கண் தெளிவாக இருந்தால் காது கலங்கும். அதனால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மூடிய கண்ணில் பிடிமானம் கிடைக்காவிட்டால் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு கைகொடுக்கும். வ்யூஃபைண்டரில் அதைப்போல் பளிச்சென்று எதுவும் தெரியாது. கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். பொட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

7. தூங்கும் குழந்தைக்கு ஷட்டர் 30-ல் ஒரு பங்கு போதும், முழங்கையை மெத்தையில் ஊன்றிக்கொண்டால். விழித்திருக்கும் குழந்தையின் கைகால் உதறலுக்கு 125-ல் ஒரு பங்குகூடப் பற்றாது. பற்றாவிட்டால் போகட்டும். ஜூலியா மார்கரெட் கேமரூன் 1863-ல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவால் படமெடுக்கத் தொடங்கியவர். கோழிக்கூண்டை ஸ்டுடியோவாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். அவருடைய கண்ணாடித் தகடுகளுக்கு அதிக நேரம் வெளிச்சம் தேவைப்பட்டது. பிள்ளைகள் அசைந்தார்கள், படம் கலங்கியது. அந்தக் கலங்கலுக்காக அன்றைய விமர்சகர்கள் அவரைத் திட்டினார்கள். இன்று அந்தப் படங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கல்கத்தாவில் பிறந்து இலங்கையில் 1879-ல் இறந்தவர் என்பதால் நமக்குக் கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரரும்கூட.

8. பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான். பால் கொடுக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம். கேமராவை அது பார்ப்பதில்லை. சொடக்குப் போட்டுக் கூப்பிடுவதால் பயனில்லை. அதைத் தூக்கி வைத்திருப்பவரின் முகத்தையும் சேர்த்து எடுங்கள், பார்வைக்கு ஒரு போக்கிடம் கிடைக்கும். வரையத் தெரிந்தவர்கள் தடித்த அட்டையில் இந்தியன் இங்கால் கோடுகளும் வட்டங்களும் போட்டு, காய்ந்த பிறகு அருகில் காட்டலாம். கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரியும் உருவங்களைத்தான் குழந்தைகள் முதலில் உற்றுப் பார்க்கின்றன.

9. நேரடி ஃபிளாஷ் வேண்டாம். முகம் தட்டையாகிவிடும், குழந்தை திடுக்கிடும்.

10. குழந்தைக்கு மேலே குனிந்து எடுக்கும்போது கேமராவின் பட்டை கழுத்திலும் இருக்கட்டும், கையிலும் ஒரு சுற்று சுற்றியிருக்கட்டும். பழைய உலோகக் கேமரா ஒன்றின் எடை அரைக் கிலோவைத் தாண்டும். ஸ்டுடியோ படங்களில் குழந்தை தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் வரும் போஸை வீட்டில் முயலவே முயலாதீர்கள். தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள இரண்டு படங்களாக எடுத்து, பிறகு அந்தக் கைகளைக் கம்ப்யூட்டரில் அழித்து ஒட்டியது அது. தலை நிற்காத குழந்தைக்கு மடியும் மெத்தையும்தான் இடம்.

11. “தூங்கற கொழந்தையப் படம் புடிக்காதடி, ஆகாது” என்று பாட்டி சொன்னால் வாதாட வேண்டாம். “சரி பாட்டி, உங்களையும் சேர்த்து எடுக்கறேன், மடியில வச்சுக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் தலையை ஒதுக்கிக்கொண்டு தயாராகிவிடுவார். சுருளிலேயே சிறந்த படம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் குழந்தை பிடித்த அந்தக் கைகளில் வேறு யாருக்கும் இல்லாத நிதானம் இருக்கும். சாம்பிராணிப் புகையில் ஜன்னல் வெளிச்சம் தூண் தூணாக விழும் அழகுக்கு நானும் மயங்கியவள்தான். ஆனால் பிஞ்சு நுரையீரலுக்குப் புகை ஆகாது. அந்தப் படத்துக்குக் காலித் தூளியே போதும்.

12. மாதத்துக்கு ஒரு 36 சுருள் என்று வைத்துக்கொண்டால் கையும் அடங்கும், காசும் அடங்கும். தடுப்பூசி அட்டையோடு ஒரு சின்ன நோட்டை வைத்து, சுருள் எண், தேதி, குழந்தையின் எடை, தூக்கி வைத்திருந்தவர் யார் என்று எழுதிவாருங்கள். அத்தைப்பாட்டி வந்து போன நாள் எது என்று பின்னால் தேடும்போது இந்த நோட்டுதான் பேசும்.

13. கேமரா மீட்டருக்குப் போடும் எல்ஆர்44 போன்ற பொத்தான் பேட்டரிகளை எண்ணி வாங்கி, எண்ணிப் பூட்டி வையுங்கள். குழந்தை தவழத் தொடங்கினால் கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குத்தான். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வாந்தி எடுக்க வைத்துப் பார்க்கக் கூடாது. வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் இந்தக் குறிப்பு இன்றைக்கே. லென்ஸ் பெட்டியில் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம், ஃபிலிம் டப்பாவின் மூடி ஆகியவற்றுக்கும் இதே கவனம்.

14. ரசாயனத்துக்கு என்று தனிக் குவளை, தனிப் பாட்டில். பாலாடை, சொட்டுமருந்துக் குழாய், குளிர்பான பாட்டில் எதுவும் அந்தப் பக்கம் போகவே கூடாது. சொட்டு மருந்தோடு வரும் சிரிஞ்ச் டெவலப்பர் அளக்க வசதியாக இருக்கும் என்று கை அரிக்கும். மருந்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி, சிவப்பு நெயில்பாலிஷால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எடுக்காத சுருளை டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். கலந்த ரசாயனத்தை மட்டும், பிழிந்து வைத்த தாய்ப்பால் இருக்கும் ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். பொடியாக வரும் டெவலப்பரைக் கலக்கும்போது தூசி பறக்கும். குழந்தை இருக்கும் வீட்டுக்குத் திரவமாக வருவதே மேல்.

15. கறுப்புப் பைக்குள் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் குழந்தை அழும். இது விதி. அதற்கு வழி இருக்கிறது. ரீல், நடுத்தண்டு, டாங்க், மூடி அனைத்தையும் தொடங்கும்போதே பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அழுகை கேட்டால், பாதி ஏறிய சுருளைச் சட்டென்று பிடுங்காமல் மெல்ல உருவி, கையில் தளர்வாகச் சுற்றி டாங்குக்குள் போட்டு, மூடியை முறுக்கிவிட்டு எழுந்து போகலாம். பேட்டர்சன் வகை டாங்கில் நடுத்தண்டு இல்லாமல் மூடினால் மூடியின் துளை வழியே வெளிச்சம் புகுந்துவிடும். தண்டைப் போட்டு மூடினால் ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

16. டி-76 போன்ற டெவலப்பர்களின் கால அட்டவணை 20 டிகிரிக்குப் போட்டது. சித்திரையில் நம் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். மண்பானைத் தண்ணீரில் தொடங்கி, பேசினில் ஐஸ்கட்டிப் பை போட்டு எல்லாக் குவளைகளையும் அதில் நிறுத்திக் குளிர வையுங்கள். 24 டிகிரிவரை போகலாம், நேரத்தை அட்டவணைப்படி குறைத்துக்கொண்டு. ஐந்து நிமிடத்துக்கும் கீழே நேரம் வந்தால் சீராகக் கழுவாது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பெரும்பாலானவை 32 டிகிரிக்குக் கீழே காட்டுவதில்லை.

17. எந்த நிமிடம் கூப்பிடுவார்கள் என்று தெரியாத வீட்டுக்கு ரோடினால் என்ற டெவலப்பர்தான் என் சிபாரிசு. 1891-லிருந்து இருக்கும் சரக்கு. 500 மில்லி தண்ணீரில் 5 மில்லி கலந்து ஊற்றி, முதல் அரை நிமிடம் கவிழ்த்து ஆட்டி, பிறகு ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிடலாம். நடுவில் ஒரு தடவை மெதுவாகக் கவிழ்த்தால் போதும். ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் குடி முழுகாது. அதற்குள் பால் கொடுத்து ஏப்பமும் எடுக்க வைத்துவிடலாம். நெடியடிக்கும் ஸ்டாப் பாத்துக்குப் பதில் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போதும். வேலையைக் குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கையுறை போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தொடுங்கள்.

18. டெவலப்பருக்குப் பின் படத்தை நிலைநிறுத்த ஊற்றும் ஹைப்போவைப் போக்கக் குழாயைத் திறந்துவிட்டு நிற்க வேண்டியதில்லை. இல்ஃபோர்டு சொல்லும் முறை தண்ணீர்ப் பஞ்சத்துக்கென்றே அமைந்தது: டாங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, இன்னொரு தடவை நிரப்பி 20 முறை. கடைசி அலசலை மட்டும் ஆர்ஓ தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல் உப்பு காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாக உட்காரும். உலர்த்த நல்ல இடம், யாராவது வெந்நீரில் குளித்துவிட்டு வந்த குளியலறை. ஆவி தூசியை அடக்கிவிடும். குழந்தைத் துணி காயும் கொடியில் மாட்டினால் பஞ்சு பறந்து வந்து ஒட்டும்.

19. வெள்ளி கரைந்த பழைய ஹைப்போவைச் செடிக்கோ செப்டிக் டாங்குக்கோ ஊற்றாமல் கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே மையங்களில் இதை வெள்ளிக்காக வாங்கிப் போகும் ஆட்கள் உண்டு. அங்கே விசாரியுங்கள்.

20. லாபில் கொடுக்கும் வழக்கமென்றால் குளிப்பாட்டும் படம், பால் கொடுக்கும் படம் இருக்கும் சுருளைப் பற்றி முன்கூட்டியே யோசியுங்கள். ஸ்கேன் செய்து அனுப்பியதும் அவர்களிடம் உள்ள கோப்பை அழிக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். விமானத்தில் பிறந்தகம் போகிறவர்கள் சுருளைக் கைப்பையில் தனி உறையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

21. எண்ணெய் வண்ணமும் டர்பன்டைனும் குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம். கரிக்கோட்டை நிலைநிறுத்த அடிக்கும் ஸ்பிரேயை மொட்டைமாடியில் அடியுங்கள். இந்த மாதங்களுக்குப் பென்சிலும் ஸ்கெட்ச் புத்தகமும் போதுமானவை. காண்டாக்ட் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே வரையலாம்; அதற்குள் மாடல் கைகாலை உதறிக் குப்புற விழுந்துவிடும் என்ற பயம் இல்லை.

22. வாசல் தாண்ட முடியாத மாதங்களில் குழந்தையை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் கண் மரத்துப்போகும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாமுக்கு 1915-ல் ஒரு மகன், 1917-ல் இரட்டையர். மூன்று சிறுவர்களைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்த காலத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தோட்டத்துச் செடிகளை எடுக்கத் தொடங்கினார். 1925-ல் எடுத்த மாக்னோலியாப் பூவின் நெருக்கப்படம் அவரை உலகம் அறியச் செய்தது. நம் பால்கனியில் கற்றாழை இருக்கும், துளசி இருக்கும், காயப்போட்ட வத்தல் இருக்கும். சுருளில் கடைசி ஐந்தாறு ஃபிரேமை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

23. நெகட்டிவை ஆறாறு ஃபிரேமாக வெட்டி உறையில் போட்டு, மேலே சுருள் எண்ணை எழுதுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண், நாப்தலின் உருண்டை போட்ட பட்டுப்புடவை அடுக்கு இரண்டும் ஆகாத இடங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், காற்றுப்போகும் அட்டைப்பெட்டி போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்து, ஈரம் பட்ட உறையை மாற்றிவிடுங்கள்.