சோயா: எண்ணெயின் பின்னால் நிற்கும் புண்ணாக்கு

நம்பிக்கை: சோயா எண்ணெய்க்காகப் பயிரிடப்படுவது.

நூறு கிலோ சோயாவை அரைத்தால் கிடைக்கும் எண்ணெய் 18 கிலோ; நல்ல சரக்காக இருந்தால் 20. மீதியில் பெரும்பகுதி புண்ணாக்கு. நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய் என்பதால் செக்கில் ஆட்டியே எடுத்துவிடுகிறோம். சோயாவுக்கு அது கட்டுபடியாகாது. தோல் நீக்கி, அவல்போலத் தட்டி, ஹெக்சேன் கரைப்பானில் கழுவித்தான் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். நெடுங்காலமாக ஆலைக்கு அதிகப் பணம் தந்தது புண்ணாக்குதான். அமெரிக்காவில் சோயா எண்ணெயிலிருந்து டீசல் தயாரிப்பது பெருகிய பிறகு எண்ணெயின் பங்கு ஏறியிருக்கிறது. வடக்கு டகோட்டாவின் ஸ்பிரிட்வுட்டில் 2023இல் திறந்த ஆலையின் எண்ணெய் டீசலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் அங்கேயும் ஒரு டன் எண்ணெயோடு நான்கு டன் புண்ணாக்கு கூடவே வந்து விழுகிறது. அதை எவராவது வாங்கியாக வேண்டும்.

நம்பிக்கை: சீனா சோயா வாங்குவது டோஃபுவுக்கும் சோயா சாஸுக்கும்.

அவற்றுக்கு உள்நாட்டில் விளையும் ஏறத்தாழ 2 கோடி டன்னே பெரும்பாலும் போதும். 2024இல் கப்பலில் வந்து இறங்கிய 10 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சோயா, முக்கியமாகக் கடற்கரையோர ஆலைகளில் அரைபட்டுப் பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாவது.

நம்பிக்கை: புண்ணாக்கு வெறும் கழிவு.

நாமக்கல் பக்கத்துத் தீவன ஆலைகளில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். சோயா புண்ணாக்கில் 44 முதல் 48 சதவீதம் புரதம். முட்டைக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளத்துக்கு அடுத்த முக்கியச் சரக்கு அது. பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால், புண்ணாக்கை வறுத்தே அனுப்புகிறார்கள். அந்தப் பக்குவத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. தட்டில் புண்ணாக்குத் தூளைப் பரப்பி, யூரியா கலந்த ஃபீனால் ரெட் கரைசலை ஊற்றுவார்கள். சில நிமிடங்களில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பதம் சரி. தட்டு முழுதும் சிவந்தால் வேகவில்லை. ஒரு புள்ளிகூட வராவிட்டால் கருகியிருக்கலாம், புரதம் கெட்டிருக்கும்.

2021இல் இந்தப் புண்ணாக்கின் விலை சில மாதங்களில் இரு மடங்கானது. கோழிப் பண்ணைகள் தத்தளித்தன. மரபணு மாற்றச் சோயாவைப் பயிரிட அனுமதிக்காத மத்திய அரசு, அந்த ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய இடம் கொடுத்தது. முளைக்கும் விதை வரவில்லை, எண்ணெய் எடுத்த புண்ணாக்குதான் வருகிறது என்பது விளக்கம். அறுவடைக்குக் காத்திருந்த சோயா விவசாயிகள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பண்ணையாளரின் நெருக்கடியும் பொய்யல்ல.

நம்பிக்கை: எண்ணெய்க்கு இறக்குமதி வரியை உயர்த்தினால் சோயா விவசாயி பிழைத்துக்கொள்வார்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது இதுதான். எண்ணெய்க்கு வரி போடுகிறவர்கள் புண்ணாக்கு விலையையும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத சோயா எண்ணெய்க்கான மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக உயர்ந்தது. சமையல் எண்ணெய் விலை ஏறியது. ஆனால் அந்தப் பருவத்தில் மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர மண்டிகளில் சோயா, குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என்ற குறைந்தபட்ச ஆதரவு விலையைவிடக் கீழேதான் விலைபோனது. முக்கியக் காரணம் புண்ணாக்கு. உலகச் சந்தையில் அது மலிந்து கிடந்தது. உள்நாட்டிலோ எத்தனால் ஆலைகளின் மக்காச்சோள, அரிசிச் சக்கை குறைந்த விலைக்கு வந்து தீவனத்தில் அதன் இடத்தைப் பிடித்தது. புண்ணாக்கு விற்காத ஆலை, எண்ணெயில் வரும் லாபத்தை நம்பி விவசாயிக்கு விலை கூட்டிக் கொடுக்காது. அரசே ஆதரவு விலையில் ஏறக்குறைய 20 லட்சம் டன் வாங்கியது. விளைச்சலில் பெரும்பகுதி மண்டி விலைக்கே போயிற்று.