கஞ்சி தெறித்துச் சுட்டால் முதலில் தண்ணீர்

நோன்புக் கஞ்சி இறக்கும்போது கையில் தெறித்தால், பற்பசை, மஞ்சள், மாவு என்று கிடைத்ததைத் தடவிவிடுகிறோம். இவை சூட்டைத் தணிக்காது. புண்ணில் கிருமி சேரவும் இடமாகும்.

உடனே கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குமுன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். பாங்கு சொல்லப் போகிறார்கள் என்று 5 நிமிடத்தில் கையை எடுத்துவிடாதீர்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

முகத்திலோ மூட்டிலோ சுட்டிருந்தால், காயம் உள்ளங்கையைவிடப் பெரிதானால், சுட்டது சிறு குழந்தைக்கென்றால் வீட்டு வைத்தியம் போதாது. தண்ணீர் ஊற்றியபின் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.