நச்சுயிரியின் எழுத்தும் பொருளும்

எழுத்து, சொல், பொருள் என இலக்கணத்தை மூன்றாகப் பகுத்தது தொல்காப்பியம். நச்சுயிரி ஆய்வாளரும் இன்று அவ்வழியே நடந்து வருவதை நம் மாணவர்க்குச் சுட்ட விழைகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழை பயிரிடுவோர் முடிக்கொத்து நோயை அறிவர். அசுவினிப் பூச்சி பரப்பும் அந்நோயின் நச்சுயிரி, ஆறு சிறு வளையங்களால் ஆனது. ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துகள். வளையத்துக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,100 வரை. இச்சிறு வாசகமே வாழையைக் குலை தள்ளாமல் முடக்கிவிடுகிறது!

ஒரு வரிசையில் அடுத்து வரும் எழுத்து யாது எனக் கணித்துப் பழகிய கணினி நிரலை 'மொழி மாதிரி' என்பர். 2021இல் பிரையன் ஹீ முதலியோர் இம்முறையால் இன்ஃபுளுவென்சா, எச்.ஐ.வி., கொரோனா ஆகியவற்றின் புரதங்களை ஆராய்ந்தனர். இலக்கணம் வழுவாமல் பொருள் மட்டும் திரியுமாயின், நச்சுயிரி உயிர்த்தும் இருக்கும். நம் உடலின் எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரியாமலும் போகும் என்பது அவர்கள் கண்ட நெறி. இலக்கணம் என்னும் சொல்லையே அவர்களும் ஆண்டனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

படிப்பதோடு அமையாது, இயற்றவும் முற்பட்டனர். நுண்ணுயிரை மட்டும் தாக்கும் ஃபை எக்ஸ் 174 என்பதன் 5,386 எழுத்துகளையும் 1977இல் சாங்கர் குழுவினர் படித்து முடித்தனர். அதில் ஒரு மரபணுவினுள்ளேயே மற்றொன்று அடங்கியுள்ளது. எழுத்து அதுவே, பிரிக்கும் இடம் வேறு. 'பலகை' என்பதைப் 'பல கை' எனப் பிரிக்கும் பிரிமொழிச் சிலேடையை வகுப்பில் கேட்டோர்க்கு இது வியப்பன்று. காளமேகத்துக்கு எளிதாயிருக்கலாம், எந்திரத்துக்குக் கடினம். 2025 செப்டம்பரில் ஆர்க் நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர், 'ஈவோ' என்னும் மாதிரி இயற்றிய ஏறத்தாழ 300 வாசகங்களைச் சோதித்ததாக அறிவித்தனர். உயிர்த்தவை 16. எஞ்சியவை வெற்றெழுத்தாயின.

மனிதர், விலங்கு, பயிர் ஆகியவற்றைத் தாக்கும் நச்சுயிரிகளின் வாசகங்களை ஈவோவுக்குக் கற்பிக்காமல் விலக்கி வைத்தனர் என்பதே இங்கு நாம் பெரிதாகக் கருதுவது. கல்வியும் ஓர் அமானிதம் என உணர்ந்தோர் செயலாகவே அதனை மதிக்கிறோம். ஆயின், நம் வாழையின் நச்சுயிரியும் அவ்விலக்கில் அடங்கும். அந்நோய்க்கு மருந்தை அம்மாதிரியிடம் எதிர்பார்த்தல் இயலாது.

உழவர்க்குரிய வழி பழையதே: சோதித்த திசு வளர்ப்புக் கன்று நடுதல், அசுவினியை ஒடுக்குதல், நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்தழித்தல். இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாய்த் தந்திக் குறிபோல் முதலில் தோன்றுவதை அவர்கள் கண்ணாலேயே படித்துவிடுகின்றனர்.