108 மெகாபிக்சல் கைபேசி, 16 மெகாபிக்சல் ஹப்பிள்

கேள்வி: என் கைபேசிக் கேமரா 108 மெகாபிக்சல். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் இருப்பது 16தான், செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டியில் வெறும் 2 என்கிறான் பத்தாவது படிக்கும் என் மகன். உண்மையா? அவ்வளவு பணத்தைக் கொட்டியும் ஏன் இப்படி?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: பையன் சொன்னது சரிதான். செவ்வாய்க் கேமராவின் கதை சின்னது. 2012இல் தரையிறங்கிய அந்த வண்டியின் கேமராவுக்கு 2004 வாக்கிலேயே திட்டம் போட்டாகிவிட்டது. அங்கிருந்து ஒரு நாளில் அனுப்ப முடிகிற தகவலும் கொஞ்சம்தான். பெரிய படம் வேண்டுமென்றால் பல படங்களாக எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். பாறை எங்கே ஓடிவிடப் போகிறது?

ஹப்பிள் விஷயம் வேறு. உங்கள் கைபேசியில் ஒரு பிக்சலின் அகலம் 0.8 மைக்ரான் அளவில் இருக்கும். 2009இல் ஹப்பிளில் பொருத்திய கேமராவில் அது 15 மைக்ரான். பரப்பில் சுமார் 350 மடங்கு. பிக்சலில் விழும் ஒளி எலெக்ட்ரான்களாகச் சேர்கிறது. கைபேசிப் பிக்சல் சில ஆயிரத்திலேயே நிரம்பிவிடும். ஹப்பிளுடையது 70,000 வரை தாங்கும். ஒளி துகள் துகளாக வருவதால் அந்த எண்ணிக்கை ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இந்தத் தடுமாற்றம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 100 எண்ணினால் பத்து சதவீதம் தடுமாறும். 10,000 எண்ணினால் ஒரு சதவீதம்தான். கைபேசியின் மென்பொருள் இந்த இரைச்சலை வழவழப்பாக மெழுகி மறைத்துவிடும். விஞ்ஞானிக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது நம்பத்தகுந்த எண். ஒளி இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்காக வேண்டும்.

இன்னொன்று. கைபேசி லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒளியின் அலைத்தன்மையால் ஒரு புள்ளி சுமார் 2.4 மைக்ரான் அகல வட்டமாகத்தான் விழும். அதன் குறுக்கே மூன்று பிக்சலை அடுக்கி என்ன லாபம்? அதனால்தான் உங்கள் கைபேசியே வழக்கமாக ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம் தருகிறது. 108 என்பது பெட்டியின் மேல் அச்சடிக்க!

கருவி வடிவமைப்பின் சூட்சுமத்தை கெப்ளர் தொலைநோக்கியில் பார்க்கலாம். 2009இல் ஏவப்பட்ட அதன் வேலை, நட்சத்திரத்தின் முன்னே கோள் கடக்கும்போது ஒளி மங்குவதைப் பிடிப்பது. சூரியன் போன்ற நட்சத்திரத்தைப் பூமி அளவுக் கோள் கடந்தால் ஒளி 12,000இல் ஒரு பங்குதான் குறையும். தடுமாற்றம் அந்த அளவுக்கு இறங்கவே 12,000 x 12,000, அதாவது 14.4 கோடி எலெக்ட்ரான்களை எண்ண வேண்டும். 27 மைக்ரான் பிக்சல்கள், மணிக்கணக்கான கண்காணிப்பு எல்லாம் இதற்காகத்தான். அதோடு, கேமராவை வேண்டுமென்றே கொஞ்சம் ஃபோகஸ் தப்ப வைத்தார்கள்! ஒளி பல பிக்சல்களில் பரவினால் எதுவும் சீக்கிரம் நிரம்பாது. தொலைநோக்கி மெல்ல ஆடினாலும் பிக்சலுக்குப் பிக்சல் உள்ள வேறுபாடு கணக்கைக் கெடுக்காது. அழகான படம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நான் பார்த்த வடிவமைப்பு முடிவுகளில் இது மிகத் துணிச்சலானது என்பேன்.

அடுத்து வெப்பம். இருட்டில் வைத்தாலும் சிலிக்கான் தன் சூட்டில் எலெக்ட்ரான்களை உதிர்க்கும். ஹப்பிள் உணரியை மைனஸ் 83 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பது இதனால்தான். அகச்சிவப்பில் தொல்லை இன்னும் அதிகம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்க்கும் அலைநீளங்களில் கருவியின் சொந்தச் சூடே ஒளியாகத் தெரியும். ஆகவே அதன் மிரி என்ற கருவியை மைனஸ் 266 டிகிரிக்கும் கீழே குளிரூட்டுகிறார்கள். அலைநீளம் 1.1 மைக்ரானைத் தாண்டினால் சிலிக்கான் கண்ணாடிபோல் ஒளியை விட்டுவிடும் என்பதால், வெப்பின் மற்றக் கருவிகளில் பாதரசமும் காட்மியமும் டெலூரியமும் சேர்ந்த உணரிகள்.

அதற்காக விஞ்ஞானிகளுக்கு மெகாபிக்சல் பிடிக்காது என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள். சிலியில் உள்ள ரூபின் வானாய்வகத்தின் கேமரா 3,200 மெகாபிக்சல். ஆனால் அதற்காகப் பிக்சலைச் சுருக்கவில்லை. 10 மைக்ரானிலேயே வைத்து, 189 உணரிகளைச் சேர்த்து, அரை மீட்டருக்கும் அதிக அகலத்தில் கட்டினார்கள்.

வெப்பத்தின் கைவரிசையை வீட்டிலேயே பார்க்கலாம். கைபேசிக் கேமராவை ப்ரோ மோடுக்கு மாற்றி, லென்ஸைக் கறுப்புத் துணியால் நன்றாக மூடி, ஐஎஸ்ஓவை உச்சத்தில் வைத்து 30 விநாடிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் வீடியோ எடுத்துக் கைபேசி சூடான பிறகு மறுபடியும் எடுத்து, இரண்டையும் பெரிதாக்கிப் புள்ளிகளை ஒப்பிடட்டும்.