வெட்டிய இரைப்பை மீண்டும் வளருமா?

செரிமானப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் படிவம் இரண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்கள் பெரியம்மா வயிற்றைச் சிறிதாக்கும் ஆப்பரேஷன் செய்துகொண்டார். நன்றாக மெலிந்தார். இப்போது மறுபடியும் எடை போட்டுவிட்டார். இன்னோர் ஆப்பரேஷன் செய்யலாமா என்று யோசிக்கிறார். வெட்டி எடுத்த வயிறு திரும்ப வளருமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கேள்வியோடுதான் என் அக்கா அப்போது எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அனுமதியோடு அவர் கதையையே இந்த வாரப் பாடமாக எழுதுகிறேன்.

அக்காவின் உயரம் 1.58 மீட்டர். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எடை 112 கிலோ. பிஎம்ஐ கணக்கு உங்களுக்குத் தெரியும்: எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் இருபடியால் வகுக்க வேண்டும். 1.58-ஐ 1.58-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.5. ஆகவே பிஎம்ஐ 45-ஐ ஒட்டி வருகிறது. ஆசிய மக்களுக்கு 27.5-க்கு மேல் போனாலே உடல்நல ஆபத்து அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொல்லியிருக்கிறது. அக்காவுக்கு இனிப்புநீரும் இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒன்றரை ஆண்டில் 74 கிலோவுக்கு இறங்கினார். இனிப்புநீர் மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். இப்போது எடை 91 கிலோ. ஒரு மாத்திரை திரும்பி வந்துவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை நெஞ்செரிச்சல். இரவில் மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறார்.

முதல் அறுவையில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். நம் இரைப்பை வளைந்த பை போன்றது. காலியாக இருக்கும்போது சுருங்கி, சாப்பிடச் சாப்பிட ஒரு லிட்டருக்கு மேல் விரியக்கூடியது. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கருவிகளை உள்ளே செலுத்தி, இந்தப் பையின் வெளி வளைவுப் பக்கத்தை நீளவாக்கில் தையல்கருவியால் வெட்டி மூடிவிடுகிறார்கள். ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காடு வரை வெளியே போய்விடும். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். சட்டையின் கை போல இருப்பதால் இதற்கு 'ஸ்லீவ்' அறுவை என்று பெயர்.

இடம் குறைந்ததால் சாப்பாடு குறைகிறது என்பது பாதி விளக்கம்தான். வெட்டப்படும் மேற்பகுதியில்தான் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. வயிறு காலியானதும் மூளைக்குப் 'பசிக்கிறது' என்று செய்தி அனுப்புவது இதுதான். ஜப்பானிய விஞ்ஞானிகள் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் 1999-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அறுவைக்குப் பிறகு முதல் ஓராண்டில் "பசி என்றால் என்னவென்றே மறந்துவிட்டது" என்று அக்கா சொன்னது மிகையல்ல. அந்தத் தொழிற்சாலையின் பெரும்பகுதியை இடித்தாகிவிட்டது.

அப்படியானால் எடை ஏன் திரும்பியது? மாணவியின் கேள்விக்கு நேரான பதில்: வெட்டிய பகுதி முளைப்பதில்லை. ஆனால் மிஞ்சிய குழாய் தசையால் ஆனது. தசை இழுபடும். ஆண்டுக்கணக்கில் உணவு வந்து அழுத்த அழுத்த அது கொஞ்சம் அகலமாகலாம். கிரெலினும் அடியோடு நின்றுவிடுவதில்லை. சிறுகுடலின் முதல் பகுதியிலும் (பள்ளி நூலில் டுவோடெனம் என்று படித்திருப்பீர்கள்) அது சிறிதளவு சுரக்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் உடலின் சிக்கனம். அமெரிக்காவில் எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் சோதித்தார். முடிவு 2016-இல் வெளிவந்தது. அவர்கள் உடல், ஓய்வில் இருக்கும்போது, அந்த எடைக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சராசரியாக 500 கிலோகலோரி குறைவாகவே எரித்தது. ஏறக்குறைய ஒரு தட்டு நாசி லெமாக் தரும் ஆற்றல் அது! இழந்த எடையில் பெரும்பகுதி அவர்களில் பலருக்குத் திரும்பியிருந்தது. அவர்கள் அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர். பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் மெலிந்தவர்கள். ஆனாலும் எடை இழந்த உடல் அதைப் பஞ்சகாலம் என்று எடுத்துக்கொண்டு செலவைக் குறைப்பது பொதுவான குணம். இதை மனவுறுதி இல்லாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

உணவுக்கும் பங்கு உண்டு, மறைக்கக் கூடாது. குறுகிய இரைப்பையில் கோழிக்கறியும் கீரையும் நின்று நிதானமாகப் போகும். மைலோ ஐஸ், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், ஐஸ்கிரீம் போன்றவை தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. சர்க்கரை மட்டும் சேரும். மதிய உணவைக் கால் தட்டோடு முடித்துக்கொள்ளும் அக்கா, மாலையில் இரண்டு தே தாரிக் குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி நெஞ்செரிச்சலுக்கு வருவோம். இங்கே இயற்பியல் வருகிறது. உருண்டை பலூன் ஒன்றும் நீளமான மெல்லிய பலூன் ஒன்றும் வாங்கி ஊதிப் பாருங்கள். மெல்லிய பலூன் கன்னத்தை வலிக்கச் செய்யும். ஆரம் சிறியதாக இருந்தால் சுவரை விரிக்க அதிக அழுத்தம் தேவை. பழைய இரைப்பையின் மேற்பகுதி, உணவு வரும்போது தானாகத் தளர்ந்து இடம் கொடுக்கும் தன்மை உடையது. அது போய்விட்டது. மீதமுள்ள குழாய் ஒடுக்கமானது. அதன் கீழ்வாயிலில் வால்வு போன்ற தசை வளையம் வேறு இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் திரவம் எங்கே போகும்? மேலே, உணவுக்குழாய்க்குள். இரைப்பையின் சுவரைச் சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் இல்லை. அமிலம் ஆண்டுக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் அங்குள்ள செல்கள் வேறு வகைச் செல்களாக மாறக்கூடும். சிலருக்கு அது பின்னாளில் புற்றுநோயாகும் வாய்ப்பு உண்டு. அக்காவின் விஷயத்தில் எடையைவிட என்னைப் பயமுறுத்தியது இதுதான்.

ஆகவே 'மறு அறுவை' என்றதும் 'தோற்றுப்போன ஆப்பரேஷனைத் திரும்பச் செய்வது' என்று நினைக்காதீர்கள். மூன்று வேறுபட்ட காரணங்களுக்காக மக்கள் அதை நாடுகிறார்கள். சிலருக்கு முதல் அறுவையில் எடை போதிய அளவு இறங்கவே இல்லை. சிலருக்கு இறங்கித் திரும்பியது. இன்னும் சிலருக்கு எடை சரியாகவே இருக்கும். ஆனால் அமிலம், அடைப்பு, புண் என்று வேறு கோளாறு. முன்பெல்லாம் இரைப்பையின் கழுத்தில் சிலிக்கோன் பட்டை ஒன்றை மாட்டும் முறை பரவலாக இருந்தது. தோலுக்கடியில் வைத்த சிறு வாயில் வழியே உப்புநீரை ஏற்றி, பட்டையை இறுக்கலாம், தளர்த்தலாம். கேட்க அழகான யோசனைதான். ஆனால் பட்டை நழுவியது. சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போனது. உலகெங்கும் மறு அறுவைகளில் பெரும்பங்கு இந்தப் பட்டைகளைக் கழற்றுவதாக இருந்த காலம் உண்டு.

ஸ்லீவ் முறைக்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. தொடக்கத்தில் அது தனி அறுவையே அல்ல. மிக அதிக எடையுள்ளவர்களுக்கு ஒரே நாளில் நீண்ட அறுவை செய்வது ஆபத்து என்பதால், மருத்துவர்கள் முதலில் இரைப்பையை மட்டும் குறுக்கி, எடை கொஞ்சம் இறங்கிய பிறகு குடல் பகுதியைச் செய்யத் திட்டமிட்டார்கள். பார்த்தால், பலருக்கு முதல் படியிலேயே எடை நன்றாக இறங்கிவிட்டது! இரண்டாம் படி தேவைப்படவில்லை. இப்படித்தான் பாதி அறுவை முழு அறுவை ஆனது. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. "அப்படியென்றால் எனக்கு மீதிப் பாதி பாக்கி இருக்கிறது, அவ்வளவுதானே" என்றார்.

அவருக்கு நிபுணர் முன்வைத்திருப்பது 'பைபாஸ்' என்ற மாற்றுப்பாதை அறுவை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1960-களில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அந்தக் கவனிப்பே விதை. இன்று செய்யும் முறையில் உணவுக்குழாயை ஒட்டி ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே இழுத்து அதோடு இணைக்கிறார்கள். எஞ்சிய இரைப்பை உள்ளேயே இருக்கும். தன் அமிலத்தைச் சுரக்கும். ஆனால் அந்தச் சாறும் பித்தநீரும் கணையநீரும் வேறொரு கிளை வழியாக வந்து, ஒரு மீட்டர் அளவு கீழே உணவோடு சேரும். தாளில் வரைந்தால் ஆங்கில 'ஒய்' எழுத்து போலத் தெரியும். வரைந்தே பாருங்கள், எழுத்தால் இதை விளக்குவது கடினம்.

பயன் என்ன? சிறு பையில் அமிலம் சுரக்கும் செல்கள் மிகக் குறைவு. அழுத்தமும் இல்லை, ஏனெனில் கீழே வால்வு கிடையாது. எனவே நெஞ்செரிச்சல் பெரும்பாலோருக்கு நன்றாகக் குறைகிறது. அரைகுறையாகச் செரித்த உணவு குடலின் பின்பகுதியை வேகமாக எட்டுவதால் அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை அதிகம் வெளியிடுகின்றன. அது இன்சுலினைத் தூண்டும், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும். ஆனால் எடையைப் பொறுத்தவரை, இரண்டாம் அறுவையில் இறங்குவது பெரும்பாலும் முதல் முறையைவிடக் குறைவு. 74 கிலோவை மீண்டும் பார்க்கலாம் என்ற கனவோடு போகக் கூடாது என்று நிபுணரே அக்காவிடம் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

விலையும் உண்டு. பணத்தைச் சொல்லவில்லை. ஒரு முறை வெட்டிய இடத்தில் தழும்புத் திசு உருவாகிறது. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தழும்பில் இரத்த ஓட்டம் குறைவு. இரத்தம் குறைந்தால் தையல் ஆறுவது தாமதம். அதனால் தையல் கோட்டில் கசிவு, இரத்தக்கசிவு போன்ற ஆபத்துகள் முதல் அறுவையைவிட மறு அறுவையில் அதிகம். பட்டையைக் கழற்றுபவர்களுக்குச் சில மருத்துவர்கள் அன்றே அடுத்த அறுவையைச் செய்யாமல், சில மாதம் ஆறவிட்டுப் பிறகு செய்வது இதனால்தான்.

அடுத்தது சத்து. இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில் உறிஞ்சப்படுகின்றன. மாற்றுப்பாதையில் உணவு அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. வைட்டமின் பி12 உறிஞ்சப்பட, இரைப்பைச் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வர வேண்டும்; அதுவும் உணவோடு சரியாகக் கலப்பதில்லை. எனவே இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை ஆயுள் முழுவதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை. இப்யூபுரோஃபென், மாதவிடாய் வலிக்குப் பலர் விழுங்கும் மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். இணைத்த இடத்தில் புண் வரும். முதல் அறுவைக்குப் பிறகே சத்து மாத்திரையை மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிட்டவர் என் அக்கா. இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை.

ஊசி மருந்து போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஜிஎல்பி-1 போலவே செயல்படும் செமாகுளுடைட் போன்ற மருந்துகளை, அறுவைக்குப் பின் எடை திரும்பியவர்களுக்கும் இப்போது கொடுக்கிறார்கள். எடை மட்டுமே சிக்கல் என்றால் நானும் முதலில் அதைத்தான் சொல்வேன். ஆனால் மருந்தை நிறுத்தினால் பலருக்கு எடை திரும்புகிறது. குழாயின் வடிவத்தையும் அது மாற்றாது. இரைப்பை காலியாவதை அது மெதுவாக்குவதால், ஏற்கெனவே அமிலம் மேலேறுபவருக்குத் தொல்லை கூடவும் கூடும்.

அதனால் நிபுணர் அவசரப்படவில்லை. எண்டோஸ்கோப்பி மூலம் உணவுக்குழாயின் உட்சுவரைப் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அது கதிர்களைத் தடுப்பதால் குழாயின் வடிவம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். குழாய் பெரிதாக விரியவில்லை. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புண் இருந்தது; செல்மாற்றம் இன்னும் இல்லை. உணவியலாளரிடம் மூன்று மாதம் போய்வர வேண்டும், சத்து மாத்திரைகளை மறுபடி தொடங்க வேண்டும், அதன் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாலைத் தே தாரிக் இப்போது 'கோசோங்'. மாத்திரை டப்பாவின் படத்தைத் தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அறுவை உண்டா இல்லையா என்பது பள்ளி விடுமுறைக்குப் பிறகு தெரியும்.

பெரியம்மாவைப் பற்றிக் கேட்ட மாணவிக்கு வகுப்பிலேயே நான் கொடுத்த கணக்கை உங்களுக்கும் தருகிறேன். அக்கா 112 கிலோவிலிருந்து 74-க்கு இறங்கி, 91-க்கு ஏறியிருக்கிறார். மூன்று எடைகளுக்கும் பிஎம்ஐ காணுங்கள். தொடக்க எடையில் எத்தனை விழுக்காட்டை அவர் இன்னமும் குறைத்தே வைத்திருக்கிறார் என்றும் கண்டுபிடியுங்கள். விடையைப் பார்த்தபின், அன்று சிரித்த மாணவர்களில் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அப்படியென்றால் முதல் ஆப்பரேஷன் தோல்வி இல்லையா?" நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? கணக்கோடு சேர்த்து நான்கு வரியில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.