ஈரம் எங்கிருந்து வருகிறது? அதைப் பார்த்து வாங்குங்கள்

சுங்கை சிப்புட், கோப்பெங் தோட்டங்களின் பலகை லயத்து வீடுகளில் சுவர் இடுக்கிலும் கூரை ஓரத்திலும் காற்று தானாக வந்து போனது. ஈப்போ தாமான்களின் வரிசை வீடு அப்படியல்ல. நடுவீடு என்றால் பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீடுகளுடன் பொதுவானவை. காற்றுக்கு முன்புறமும் பின்புறமும்தான் வழி. அலமாரித் துணியில் பூசண வாடை வந்ததும் இயந்திரம் வாங்க ஓடாதீர்கள். ஈரத்தின் ஊற்றைக் கண்டுபிடியுங்கள்.

கூரை, குழாய் பழுதுபார்ப்பு: ஒழுகும் வீட்டில் எந்த இயந்திரமும் தோற்கும். முதல் பணம் இதற்கே.

எக்ஸாஸ்ட் ஃபேன்: குளியலறைக்கும் சமையலறைக்கும் இதுவே சிறந்தது. நீராவியும் தாளிப்புப் புகையும் பரவுமுன் வெளியேறும். காற்றைக் கூரைக்குள் அல்ல, வெளியே தள்ள வேண்டும். குளித்த பிறகும் சற்று நேரம் ஓடட்டும்.

நாக்கோ சன்னல்: மின்செலவில்லை. 1984ஆம் ஆண்டுக் கட்டட உபவிதிப்படி வசிக்கும் அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், 5 விழுக்காடு காற்று புகும் திறப்பும் வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 12, 6 சதுர அடி. வெயில் ஏறிய பின் திறங்கள். மழை மாலையில் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும்.

ஏர்கோன்: ஈரத்தை ஓரளவு எடுக்கும். ஆனால் வழக்கமான ஸ்பிலிட் வகை அறைக்காற்றையே சுற்றவிடும், புதுக்காற்று தராது. சிறிய அறைக்குப் பெரிய குதிரைத்திறன் வேண்டாம்: அறை சட்டென்று குளிர்ந்து இயந்திரம் நின்றுவிடும், ஈரம் மிஞ்சும். 18 பாகையில் வைத்தால் குளிர்ந்த சுவர் வெளிக்காற்று பட்டு வியர்க்கும், 25 போதும்.

ஈரநீக்கி: சன்னலே இல்லாத சாமான் அறைக்கும், துணி அலமாரி உள்ள மூடிய அறைக்கும் ஏற்றது. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அறையைக் கொஞ்சம் சூடாக்கும். கதவைத் திறந்து வைத்தால் மின்சாரம் வீண்.

காற்றுச் சுத்திகரிப்பி: ஹெப்பா வடிகட்டி தூசியையும் புகைத்துகளையும் பிடிக்கும், ஈரத்தைத் தொடாது. 2015, 2019 போன்ற புகைமூட்டக் காலத்தில் கைகொடுக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (ஐ.பி.யு.) 100-ஐத் தாண்டினால் சன்னலை மூடுங்கள். வீட்டுக்குள் எழும் புகையையும் மறக்காதீர்கள்: மலேசியக் கொசுவர்த்திகளையும் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. கொசுவலை அதைவிட நல்லது.

கையில் பணம் குறைவென்றால் முதலில் ஒழுகலைப் பழுதுபார்த்தல், அடுத்து ஈரப்பதத்தை அளக்கும் ஓர் ஈரமானி, பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் என்ற வரிசையில் செல்லுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வரிசையைத் தள்ளிப்போடவே வேண்டாம். மூச்சுத் திணறும் வரை காத்திருக்காதீர்கள்.